கறையில் தெரிந்த ஆறு

"என்னப்பா இது, தண்ணி கொட்டிடுச்சா?" என்றாள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள். அவள் பார்த்தது நான் வரைந்த நீர்வண்ண அரூப ஓவியம். கேள்வியில் நியாயம் உண்டு. பாதி வேலையைச் செய்தது தண்ணீர்தான்.

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறத்தூளும் வேலம்பிசினும் சேர்ந்த கலவை. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை நன்றாக நனைத்து, நிறத்தைத் தொட்டு வைத்தால் தானே பரவும். பலகையைச் சற்றுச் சாய்த்தால் கிளை கிளையாக ஓடும். அல்ட்ராமரீன் நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் தங்கி, மணல் மணலாய்த் தெரியும். ஈரத்தின் மேல் உப்பைத் தூவினால், அது நீரை இழுத்து வெளிறிய பூக்களை விட்டுச்செல்லும்.

காய்ந்த துளியின் ஓரம் மட்டும் ஏன் அடர்ந்து நிற்கிறது? டபராவில் காபி காய்ந்த வளையத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது. வரும்போது துகள்களையும் இழுத்து வருகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 1997-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள்.

ஆகவே இத்தகைய ஓவியத்தில் இயற்கையின் சாயல் தெரிவது வெறும் பிரமை அல்ல. ஆறு வேகம் குறைந்த இடத்தில் வண்டலை இறக்குகிறது. தாளில் நீர் தேங்கிய பள்ளத்தில் நிறம் இறங்குகிறது. மிச்சத்தை நம் மனசு சேர்த்துக்கொள்ளும். ஆங்கில ஓவியர் அலெக்சாண்டர் கோசன்ஸ், மைக்கறைகளிலிருந்து நிலக்காட்சிகளை உருவாக்கும் முறையை 1780-களிலேயே நூலாக எழுதினார்.

அந்தத் தாளில் எனக்குத் தெரிந்தது கல்லணைக்குக் கீழே பிரியும் காவிரி. மகளோ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யமுனை வத்தி மணல் தெரியுற மாதிரி இருக்குப்பா" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓரத்தில் ஒரு தென்னை மரத்தைப் போட்டேன். அவ்வளவுதான், காலண்டர் படமாகிவிட்டது. அவள் பார்த்துவிட்டு, "இப்போ இது உங்க ஊர் ஆறு" என்று நகர்ந்துவிட்டாள். நீர்வண்ணத்தில் போட்டதைச் சுலபமாக அழிக்க முடியாது. அந்தத் தாள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அதன்பிறகு நான் மரம் போடுவதில்லை. நீங்களும் முயன்று பாருங்கள். மே, ஜூன் மாத தில்லி வெயிலில் தாள் சட்டென்று காய்ந்துவிடும். இரண்டு பக்கமும் நனைத்து, விடியற்காலையில் வரையுங்கள். காய்ந்ததும் உடனே பெயர் வைத்துவிடாதீர்கள். என்ன தெரிகிறது என்று முதலில் பிள்ளைகளைக் கேளுங்கள்.