பெட்டி மாறினாலும் கொக்கி மாறக் கூடாது

நமது சங்கத்தின் சந்தாக் கணக்கு, லிப்ரே ஆபீஸின் கால்க் தாளில் இருக்கிறது. பொருளாளர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்; யார் யாருக்குப் பாக்கி என்று பார்த்து, குடும்பத்துக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் தமிழில் தயாராகிவிடும். இதைச் செய்வது லிப்ரே ஆபீஸ் அல்ல. நம் பிள்ளைகளில் ஒருவர் எழுதிக் கொடுத்த 60 வரிக் கட்டளைத் தொகுப்பு செய்கிறது. மேக்ரோ என்பார்கள். அவர் வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டார். லிப்ரே ஆபீஸோ ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. அந்த 60 வரிகள் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று அன்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

லிப்ரே ஆபீஸ் திறந்த மூல மென்பொருள். அதாவது, அதை உருவாக்கிய கட்டளைகள் முழுவதையும் யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் அவை பல லட்சம் வரிகள். வீட்டின் வரைபடம் கையில் இருப்பதால் மட்டும் நமக்குச் சுவரை இடித்துக் கட்டத் தெரிந்துவிடாது. நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படுவது, சுவரைத் தொடாமலே நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் விட்டு வைத்திருக்கும் பக்கவாசல். மேக்ரோ அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

மென்பொருளுக்கு வயதாக ஆக உள்ளே பழுதுபார்ப்பு நடந்தே தீரும். பழைய பகுதிகளைப் பிரித்துப் புதிதாக எழுதுவார்கள். அப்போது நம் மேக்ரோ பிடித்துக்கொண்டிருந்த கொக்கியும் சேர்ந்து போய்விட்டால் என்ன ஆகும்? பயர்பாக்ஸ் பிரவுசரில் 2017 நவம்பரில் அதுதான் நடந்தது. அதுவரை பயர்பாக்ஸுக்குத் துணை நிரல் எழுதுபவர்கள் அதன் உள்ளே எந்தப் பாகத்தை வேண்டுமானாலும் தொடலாம். வேகத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் உள்ளமைப்பை மாற்றப் போன இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு துணை நிரல் உடைந்தது. கடைசியில் 57-ஆம் பதிப்பில் பழைய வகைத் துணை நிரல்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டார்கள். எழுதியவர் கவனித்துக்கொண்டிருந்தவை புது முறைக்கு மாறிப் பிழைத்தன. எழுதியவர் விட்டுப் போனவை அப்படியே நின்றுபோயின. அவர்கள் நிறுத்தியது தவறென்று நான் நினைக்கவில்லை. எது நிலைக்கும், எது மாறும் என்று சொல்லாமல் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் திறந்து விட்டதுதான் கோளாறு.

ரயில்வேயில் ஆயுளைக் கழித்தவனுக்கு இது கப்ளிங் விவகாரமாகவே தெரிகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். 2018 ஜனவரி வரை கட்டிய பழைய வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் திருகுக் கப்ளிங், இரு பக்கமும் பஃபர். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியிலிருந்து வந்த எல்.எச்.பி. பெட்டிக்கு நடுவில் ஒரே கப்ளர். ஒன்றோடொன்று நேராகச் சேராது. அதற்காகப் பழைய பெட்டிகளை ஒரே இரவில் யாரும் ஓரங்கட்டவில்லை. எஞ்சின் முகப்பில் நடுக் கப்ளரும் இருந்தது, அதிலேயே திருகுக் கப்ளிங்கை மாட்டும் ஏற்பாடும் இருந்தது, பக்கத்துப் பஃபர்களும் இருந்தன. இரண்டு வகைப் பெட்டியையும் அதே எஞ்சின் இழுத்தது. பெட்டிக்குள்ளே இருக்கையை மாற்று, விளக்கை மாற்று, யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே கொக்கியின் உயரமும் அளவும் மட்டும் சொன்னபடி இருக்க வேண்டும்.

லிப்ரே ஆபீஸ் இந்த வழியில்தான் போகிறது. ஸ்டார் ஆபீஸ் என்ற ஜெர்மானிய மென்பொருளை 1999-இல் சன் நிறுவனம் வாங்கி, 2000-இல் ஓப்பன் ஆபீஸ் என்ற பெயரில் திறந்து விட்டது. அதிலிருந்து 2010-இல் பிரிந்தது லிப்ரே ஆபீஸ். இத்தனை கை மாறியும் அன்றைய பேசிக் மொழி மேக்ரோக்களில் பல இன்றும் ஓடக் காரணம், வெளியார் பிடித்துக்கொள்ளும் கொக்கிகளை 'பப்ளிஷ்டு' என்று தனியே குறித்து வைத்திருப்பது. அப்படிக் குறித்ததை மாற்றுவதில்லை என்பது விதி. விலக்குகள் உண்டு, அவற்றைப் புதிய பதிப்பின் குறிப்பில் எழுதிவிடுவார்கள்.

கொக்கி உறுதி, ஆனால் கைக்கு இதமில்லை. பி5 என்ற கட்டத்தில் உள்ள தொகை வேண்டுமானால், பழைய முறையின் ஒரு வழியில் "1, 4" என்று கேட்க வேண்டும். முதலில் நிரல், பிறகு வரிசை, இரண்டையும் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்! 2021-இல் 7.1 பதிப்போடு வந்த ஸ்கிரிப்ட்ஃபோர்ஜ் என்ற தொகுதியில் "பி5" என்றே கேட்கலாம். பழைய வழியை மூடாமல் பக்கத்தில் புது வழி போட்டார்கள். எஞ்சின் முகப்பில் செய்த அதே ஏற்பாடு.

பாதுகாப்பு இன்னொரு சங்கடம். மேக்ரோ மூலம் வைரஸ் வந்த காலம் உண்டு. ஆகவே முன்பின் தெரியாத கோப்பின் மேக்ரோவை லிப்ரே ஆபீஸ் தானாக ஓட விடாது. புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது மேக்ரோ கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி என்று போய், மேக்ரோ செக்யூரிட்டியில் சங்கக் கணக்கு இருக்கும் ஃபோல்டரை மட்டும் நம்பகமான இடமாகச் சேர்த்தால் போதும். மட்டத்தை 'லோ' என்று இறக்கிவிடுவது வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம். அந்த 60 வரிகளையும் அச்செடுத்து, எந்த வரி என்ன செய்கிறது என்று பக்கத்தில் தமிழில் எழுதிப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். புதிதாக ஒருவர் மேக்ரோ கற்க எளிய வழி, தாம் செய்வதைப் பதிவு செய்து பார்ப்பது. லிப்ரே ஆபீஸில் அந்த வசதி ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. டிக் செய்தால்தான் மெனுவில் தென்படும். பதிவானதும் படிக்கும்படி இல்லை. ஓர் எழுத்தைத் தடிமனாக்கியதற்கே பத்து வரிக்கு மேல் வருகிறது. வரைபடம் போடும் ஃப்ரீகேட் என்ற திறந்த மூல மென்பொருளைப் பாருங்கள். 2002-இல் தொடங்கி, 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. ஒரு பெட்டி வரைந்து, நீளத்தை 20 மில்லிமீட்டர் என்று மாற்றினால், அதற்கான பைத்தான் மொழி வரி கீழே ஒரு சிறு ஜன்னலில் உடனே தெரியும். அந்த வரியை எடுத்து 20-ஐ 35 என்று திருத்தி, திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் முதலில் அதில் கை வைத்துப் பழகட்டும். கால்க் மேக்ரோவுக்குப் பிறகு வரலாம்.