ஒரு தகட்டைத் திருப்பும் நேரம்

பெட்ரோலிய விதிகள் 2002-ன் கீழ் தரப்படும் சேமிப்பு உரிமங்கள் டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகும். பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வாங்கியிருந்தாலும் கடைசி ஆண்டின் கடைசி நாள்தான் கெடு. அதனால் ஆண்டு முடிவில் பங்க் உரிமையாளர்களும் கிடங்குக்காரர்களும் புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு அலைவார்கள். எங்களுக்கும் கடிதங்கள் வரும். இந்த முறை உரிமையாளர்களைவிட, எண்ணெய் டெர்மினல்களை ஒட்டிக் குடியிருப்பவர்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள். "உரிமத்தைப் புதுப்பித்துவிட்டார்கள் என்றால் டேங்க் நல்லபடி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்று தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கேட்கிறார். "கலெக்டரே தடையில்லாச் சான்று கொடுத்த பிறகு என்ன பயம்?" என்கிறார் இன்னொருவர். "ஏ வகுப்பு பெட்ரோலியம் என்று போர்டில் போட்டிருக்கிறதே, அது உயர்ந்த தரமா?" என்றும் ஒரு கேள்வி.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 'ஏ' என்பது ஆபத்தின் வகுப்பு. 23 டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய அளவு ஆவி விடும் எண்ணெய்கள் அந்த வகுப்பில் வரும். பெட்ரோல் அப்படிப்பட்டது. டீசல் 'பி'.

உரிமம் என்றால் என்ன?

இந்த இடத்தில், இந்த வரைபடத்தின்படி, இவ்வளவு எண்ணெயை வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாக பெசோ, இதைத் தருகிறது. தடையில்லாச் சான்று அதற்கும் முந்தைய படி. டேங்க் கட்டுவதற்கு முன்பே இடத்தைப் பார்த்துத் தருவது அது. அதில் டேங்கின் உடல்நிலையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்க முடியாது. இரண்டில் எதையும் மருத்துவச் சான்றிதழ்போல் எண்ணிக்கொள்ளக் கூடாது.

"தரநிலைகளின்படி இயங்குகிறது" என்று நிறுவனங்கள் விடும் அறிக்கைக்கும் பொருள் சொல்லியாக வேண்டும். டேங்குகளுக்கு நடுவே எத்தனை இடைவெளி, தீயணைப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் வகுப்பது எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம். 1986-ல் தொடங்கிய இந்த அமைப்பு பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அது தணிக்கை செய்யும் பொதுத்துறை நிறுவனங்களும் அதே அமைச்சகத்தின் கீழ்தான். அங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் அந்த நிறுவனங்களிலிருந்தே அயல்பணியில் வருபவர்கள். அவர்கள் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும்போது, அந்த அறிக்கையை "தணிக்கை நடந்த அன்று ஏடுகள் சரியாக இருந்தன" என்று மட்டுமே நான் வாசிப்பேன். 2009-ல் வெடித்த ஜெய்ப்பூர் டெர்மினலும் உரிமம் பெற்று, தணிக்கைகளுக்கு உட்பட்டு இயங்கிய இடம்தான்.

ஜெய்ப்பூரில் என்ன நடந்தது?

2009 அக்டோபர் 29, மாலை. ஜெய்ப்பூரின் சீதாபுரா தொழிற்பேட்டையில் உள்ள இந்தியன் ஆயில் டெர்மினலில் 401-ஏ என்ற டேங்கிலிருந்து பக்கத்து பாரத் பெட்ரோலியம் டெர்மினலுக்குக் குழாய் வழியே பெட்ரோல் அனுப்ப ஆயத்தம் நடந்தது. அன்றாட வேலை. மாலை சுமார் 6.10 மணிக்கு டேங்கின் அடியில் ஒரு வால்வின் மேற்புறத்திலிருந்து பெட்ரோல் ஊற்றுப்போல் மேலே பீறிட்டது. அதை யாராலும் மூட முடியவில்லை. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் பீறிட்டது. அதற்குள் வெளியேறியது சுமார் 1,000 டன். 20 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரிகளில் ஏற்றினால் அறுபதுக்கும் மேற்பட்ட லாரிகள் வேண்டும்.

காற்று அசையாத மாலை அது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தரையாகப் பரவி வளாகத்தை மூடியது. எங்கோ ஒரு பொறி. மேகம் முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் நிறுவன ஊழியர்கள், 5 பேர் வெளியாட்கள். சுமார் 2 கிலோமீட்டர் தொலைவு வரை ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. டெர்மினலில் இருந்த 11 டேங்குகளும் எரிந்தன. அணைக்கும் முயற்சியைக் கைவிட்டு, தானாக எரிந்து அடங்கட்டும் என்று விடவேண்டியதாயிற்று. தீ அடங்க 11 நாள் ஆயிற்று. சுமார் 60,000 கிலோலிட்டர் எண்ணெய் போனது.

அந்த வால்வில் அப்படி என்ன?

வாசகர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

டேங்கிலிருந்து வெளியே வரும் குழாயில் அடுத்தடுத்து மூன்று அடைப்புகள் இருந்தன. டேங்கை ஒட்டி, மோட்டாரால் இயங்கும் வால்வு. கடைசியில், கையால் சுற்றும் வால்வு. இரண்டுக்கும் நடுவில் 'ஹேமர் பிளைண்ட்'.

சாதாரண வால்வு எவ்வளவு இறுக்கினாலும் நாளாக ஆகத் துளித்துளியாகக் கசியும். ஒரு டேங்கின் பெட்ரோல் அடுத்த குழாயில் இருக்கும் மண்ணெண்ணெயோடு கலந்தால் இரண்டும் கெடும். சரக்குக் கணக்கும் இடிக்கும். எனவே சந்தேகத்துக்கே இடமில்லாமல் அடைக்க, குழாயின் குறுக்கே ஒரு முழு இரும்புத் தகட்டையே நிறுத்துகிறார்கள். அந்தத் தகட்டின் ஒரு பாதி ஓட்டையில்லாத வட்டம், மறுபாதி வளையம். மூட வேண்டுமென்றால் வட்டத்தை உள்ளே வைக்க வேண்டும். எண்ணெய் ஓட வேண்டுமென்றால் தகட்டைத் திருப்பி வளையத்தை உள்ளே வைக்க வேண்டும். திருப்புவதற்கு, ஆப்பைச் சுத்தியலால் தட்டித் தளர்த்தி மேல்மூடியைத் திறக்க வேண்டும். பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

யோசித்தவர் கெட்டிக்காரர். இரும்புத் தகட்டை ஊடுருவி எண்ணெய் போகாது. மூடியிருக்கிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்தே கண்ணால் பார்க்கலாம். மின்சாரம் வேண்டாம்.

ஆனால் தகட்டைத் திருப்பும் அந்தச் சில நிமிடங்களில் குழாய் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அப்போது டேங்கில் உள்ள பெட்ரோல் முழுவதையும் தடுத்து நிறுத்துவது மோட்டார் வால்வு ஒன்றுதான். எந்த வால்வின் கசிவை நம்பாமல் தகடு வைத்தோமோ, தகட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதே வால்வை நம்பித்தான் ஆள் கீழே குனிகிறார்.

இதற்கான வரிசை எழுதி வைக்கப்பட்டிருந்தது. இரு வால்வும் மூடியிருக்கிறதா என்று பார், தகட்டைத் திருப்பு, மூடியை இறுக்கு, பிறகு கை வால்வைத் திற, கடைசியாக மோட்டார் வால்வு. அன்று தகடு திறந்திருந்த நேரத்தில் மோட்டார் வால்வும் திறந்திருந்தது. முதலில் ஒருவர் ஆவியில் மூச்சுத் திணறி விழுந்தார். அவரைக் காப்பாற்ற ஓடியவரும் அதில் சிக்கினார். சுவாசக் கருவி போட்டுக்கொண்டு யாரும் உள்ளே போகவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்தே அந்த மோட்டார் வால்வை மூடும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. 2003-லிருந்து அது வேலை செய்யவில்லை. ஆறு ஆண்டுகளாக அதைச் சரிசெய்யாமலே டெர்மினல் ஓடியிருக்கிறது.

இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் முன்னாள் தலைவர் எம்.பி. லால் தலைமையிலான விசாரணைக் குழு 2010 ஜனவரியில் அறிக்கை தந்தது. பாதுகாப்பான இயக்க வரிசை மீறப்பட்டதை அது சுட்டியது. கூடவே, அப்படித் திறந்து கிடக்கும் கருவியை அனுமதித்த வடிவமைப்பையும் காரணமாகச் சொன்னது. நம் ஊரில் முதல் பாதி மட்டும்தான் நினைவில் நிற்கிறது. 'மனிதத் தவறு' என்று ஒரு சொல்லில் கோப்பு மூடப்படுகிறது. எனக்கு இது ஏற்பில்லை. அலுப்போடு, இருட்டும் நேரத்தில், நூறாவது தடவையாக ஒரே வேலையைச் செய்யும் ஆள் ஒருநாள் வரிசையை மாற்றிச் செய்வார். அது வடிவமைத்தவருக்குத் தெரியாத செய்தி இல்லை. மோட்டார் வால்வை மூடிப் பூட்டினால்தான் கழற்ற முடியும் ஒரு சாவி, அந்தச் சாவி இருந்தால்தான் தகட்டின் மூடி திறக்கும் என்று அமைக்கும் பூட்டு முறை தொழிற்சாலைகளில் நெடுங்காலமாக உள்ளது. அது இருந்திருந்தால் மறதி விபத்தாகியிருக்காது.

லால் குழு ஹேமர் பிளைண்டைக் கைவிடச் சொன்னது. டேங்கை ஒட்டிய முதல் வால்வு தொலைவிலிருந்தே மூடக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. அதில் ஒரு நுணுக்கம் எனக்குப் பிடித்தது: கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்த வால்வை மூட மட்டும்தான் முடிய வேண்டும், திறக்க முடியக் கூடாது. திறக்கும் பொத்தான் டேங்கைச் சுற்றிய அணைச்சுவருக்கு வெளியே, டேங்கைப் பார்த்தபடி நிற்பவர் கையில். கீழே ஆள் குனிந்திருக்கிறாரா என்று தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்துகொண்டு திறந்துவிட வழியில்லை.

வெளிநாட்டில் இப்படி நடந்ததில்லையா?

ஜெய்ப்பூருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் 2005 டிசம்பர் 11 அதிகாலை. குழாய் வழியே பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்த டேங்கில் அளவுமானி ஓரிடத்தில் சிக்கி நின்றுவிட்டது. திரையில் மட்டம் ஏறவில்லை, டேங்கில் ஏறியது. அப்படி ஆனால் காப்பாற்றத் தனியாக ஒரு உயர்மட்ட சுவிட்ச் இருந்தது. அதைச் சோதிக்க ஒரு நெம்புகோல். சோதித்த பிறகு நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்தி வைக்க ஒரு சிறு பூட்டு வேண்டும். அந்தப் பூட்டு எதற்கு என்று அங்கிருந்தவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. பூட்டு போடப்படவில்லை. சுவிட்ச் செத்துக் கிடந்தது. இரண்டரை லட்சம் லிட்டர் பெட்ரோல் டேங்கின் உச்சியிலிருந்து வழிந்து ஆவியாகி, காலை 6.01-க்கு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் 43 பேர் காயத்தோடு தப்பினர், உயிரிழப்பு இல்லை. காற்றில்லாத குளிர்காலையில் பெட்ரோல் ஆவி மேகமாகத் திரண்டு வெடிக்கும் என்ற பாடம் அன்றே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அது ஜெய்ப்பூருக்கு வந்து சேரவில்லை.

டேங்கைச் சுற்றிய சுவர் எதற்கு?

டேங்க் உடைந்தால் எண்ணெய் வெளியே ஓடாமல் பிடித்துக்கொள்ள. உள்ளே இருப்பதில் மிகப் பெரிய டேங்கின் முழுக் கொள்ளளவையும் அது தாங்க வேண்டும். ஆனால் மழைநீர் வெளியேற அதில் ஒரு வடிகால் வால்வு உண்டு. மழை நின்றதும் அதை மூட மறந்தால் சுவர் இருந்தும் பயனில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எந்த டெர்மினலுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது அந்த வால்வைப் பற்றித்தான்.

டேங்கில் முதலில் கெடுவது எது?

அடித்தகடு. மண்ணோடு ஒட்டியிருப்பதால் வெளியிலிருந்து பார்க்க முடியாது. காலி செய்து, ஆவி நீக்கி, ஆள் இறங்கித்தான் தடிமனை அளக்க முடியும். அஸ்திவாரம் போனால் தகடு நல்லதாக இருந்தும் பயனில்லை: ரஷ்யாவின் நோரில்ஸ்கில் 2020 மே 29 அன்று தாங்குதூண்கள் இறங்கி, ஒரே டேங்கிலிருந்து சுமார் 20,000 டன் டீசல் கொட்டி, அதில் பெரும்பகுதி ஆறுகளில் போய்ச் சேர்ந்தது.

வெயிலில் வண்டி டேங்கை நிரப்பினால் வெடிக்குமா?

வெடிக்காது. பெட்ரோல் தானாகப் பற்ற 250 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும்.

பங்கில் செல்போனைவிட ஆபத்தானது எது?

அணைக்காத என்ஜினும், பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் பிடிக்கும்போது சேரும் நிலைமின்சாரமும்.

பெட்ரோல் வாடை பலமாக வந்தால்?

வண்டியைக் கிளப்பாதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். காற்றின் திசைக்குக் குறுக்காக விலகி நடந்து, மேட்டுக்குப் போய், 112-ஐ அழையுங்கள்.

டெர்மினல் அருகே இருப்பவர்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?

உண்டு, பலருக்கும் தெரியாது. அபாயகரமான வேதிப்பொருள்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் 1989-ன் 15-ஆம் விதிப்படி, பெரிய அளவில் சேமிக்கும் நிறுவனம், விபத்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு என்ன ஆபத்து, நடந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வளாகத்துக்கு வெளியே உள்ள மக்களுக்கான அவசரத் திட்டத்தின் ஒத்திகை ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

எழுதிய வாசகர்களில் ஒருவர்கூட அப்படி ஒரு துண்டுச்சீட்டு தன் வீட்டுக்கு வந்ததாகச் சொல்லவில்லை. உரிமம் புதுப்பித்தார்களா என்று விசாரிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் தெருவுக்கான ஒத்திகை கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது என்று கலெக்டர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். வரும் பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள்.