தார் சுமந்தவனும் திரைக்கு வந்தான்

சினிமாவைப் பற்றி எழுதினால், "வேறு வேலை இல்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பகலெல்லாம் சுமை தூக்கிய தொழிலாளி கூலிக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்துத்தான் இரவுக் காட்சிக்குள் நுழைகிறான். அந்தக் காசுக்கு அவனுக்கு எதைக் காட்டுகிறார்கள் என்று கேட்பது வீண் வேலையா, தோழர்களே? நாம் அப்படி நினைக்கவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இங்கேதான் இருக்கிறது. வடகாலும் தென்காலும் பிரிந்து ஓடி நெல்லையும் வாழையையும் வளர்க்கின்றன. கன்று நட்டவன், தார் வெட்டியவன், வழுக்கும் வரப்பில் தலைச்சுமையோடு லாரி வரை நடந்தவன் ஆகிய இவர்கள்தாம் கொட்டகையின் தரை டிக்கெட்டை வாழவைத்தவர்கள். இவர்களைத் திரை எப்போது ஏறிட்டுப் பார்த்தது?

1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. சிவாஜி கணேசனின் குரலுக்குக் கொட்டகைகள் அதிர்ந்தன. மறு ஆண்டு கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசும் அவருக்குக் கிடைத்தது. பெருமைதான். ஆனால் பாஞ்சாலங்குறிச்சிப் போரைப் படம் பிடிக்க அவர்கள் போன இடம் ஜெய்ப்பூர்! நம் வீரன் திரைக்கு வந்தான், நம் மண் வரவில்லை. 1961-இல் 'கப்பலோட்டிய தமிழன்' வந்தது. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் அதில் உண்டு. தொழிலாளி வந்தான், ஆனால் தலைவருக்குப் பின்னால் நிற்கும் கூட்டமாக வந்தான்.

சரித்திரப் படங்களின் காலம் போய், சண்டைப் படங்களின் காலம் வந்தது. 2003-இல் 'சாமி'. திருநெல்வேலிக்கு வரும் போலீஸ் அதிகாரியாக விக்ரம். 2007-இல் நம் ஆற்றின் பெயரையே தாங்கி 'தாமிரபரணி'. இரண்டும் இயக்குநர் ஹரியின் படங்கள். விறுவிறுப்புக்குக் குறைவில்லை; நாமும் கை தட்டியவர்கள்தாம், மறைப்பானேன்? ஆனால் இத்தகைய படங்கள் அடுக்கடுக்காக வந்ததால், திருநெல்வேலிக்காரன் என்றாலே இடுப்பில் அருவாளைத் தேடுகிறான் வெளியூர்க்காரன். அருவாள் ஆளை வெட்டத்தானா? தார் வெட்டுவதும் அதே அருவாள் அல்லவா!

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் புளியங்குளத்துப் பிள்ளை ஒருவர் படம் எடுக்க வந்த பிறகே அந்தக் கதை மாறத் தொடங்கியது. மாரி செல்வராஜைத்தான் சொல்கிறோம். 2018-இல் அவருடைய முதல் படம் 'பரியேறும் பெருமாள்'. அதில் கதாநாயகனின் தகப்பனாக வந்தவர் நெல்லை தங்கராஜ். கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடிய கலைஞர். படத்திலும் அதே தொழில்தான். அந்தத் தகப்பனைத் தெருவில் ஆடை உருவி ஓட விடும் காட்சியில் அவர் முகத்தைப் பார்த்தோம். வசனம் எதற்கு? 2023-இல் அவர் காலமானார். ஆயுள் முழுதும் ஆடியவரைத் தமிழ்நாடு முழுதும் அறிந்தது கடைசிச் சில ஆண்டுகளில்தான்!

2024 ஆகஸ்டில் வந்தது 'வாழை'. மாரி செல்வராஜின் சொந்தப் பிள்ளைப் பருவக் கதை. தாய் வாங்கிய முன்பணத்துக்காகத் தார் சுமக்கும் பள்ளிச் சிறுவன் சிவனணைந்தான். பள்ளிக்கூடம் என்றால் அவனுக்குக் கொண்டாட்டம், விடுமுறை வந்தால் கலக்கம். அவனும் தோழன் சேகரும் ரஜினி பெரிதா, கமல் பெரிதா என்று மல்லுக்கு நிற்கிறார்கள். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் அப்படி நின்றவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. சிறுவனாக நடித்த பொன்வேல் தாரை இறக்கிவிட்டுக் கழுத்தைத் திருப்புகிறானே, அந்தத் திருப்பல் ஒன்றே போதும், நடிப்பு என்று சொல்ல.

கூலியைக் கூட்டிக் கேட்கிறான் கனி. கலையரசன் ஏற்ற வேடம். வியாபாரி வேண்டாவெறுப்பாகக் கொடுக்கிறான். கொடுத்ததை வேறு வழியில் பிடிக்கிறான். ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது; தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து போகச் சொல்கிறான். பிறகு நேர்வது விபத்து. உண்மையில் நடந்த விபத்தைத் தழுவியது அது.

நமக்கு ஒரு குறையும் உண்டு. ஆசிரியையின் மீது சிறுவன் கொள்ளும் பாசத்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைக் கூலிப் பேச்சுக்குக் கொடுத்திருக்கலாம். பாட்டுக்குத் தலையாட்டும் ரசிகன், பேரம் பேசும் காட்சியில் எழுந்து போய்விடுவான் என்று யார் சொன்னது?

2025-இல் 'பைசன்'. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து மணத்தியில் பிறந்து அர்ஜுனா விருது வரை சென்ற கபடி வீரர் கணேசனின் வாழ்க்கையை அடியொற்றியது. மகனைப் பற்றிய அச்சத்தைச் சுமக்கும் தகப்பனாகப் பசுபதி உருக்கிவிட்டார். கதாநாயகன் துருவ், அந்த 'சாமி' விக்ரமின் மகன். தகப்பன் நம் சீமைக்கு லத்தியோடு வந்தார். 22 ஆண்டு கழித்து மகன் கபடிக் கோட்டுக்கு வந்திருக்கிறார்.

'வாழை'யைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, டீக்கடையில் சும்மாட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்: "படம் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. அந்த லாரியில ஏத்திவிட்ட யாவாரி பொறவு என்ன ஆனான்? அதைக் காட்டலியே?"

நாம் விழித்தோம். அதற்குள் ஓரத்தில் லோடு வண்டி வந்து நிற்க, அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.