நெல்லிக்கு ஒரு வெயில், சுண்டைக்கு ஒரு வெயில்

வாசுதேவநல்லூருக்கு மேற்கே நிற்கும் மலையில் மார்கழி, தை மாதங்கள் காட்டு நெல்லியின் காலம். அடிவாரப் புதர்களில் சுண்டை கொத்துக்கொத்தாய்த் தொங்கும். மணத்தக்காளி வரப்போரத்தில் தானாக முளைத்துக் காய்க்கும். மூன்றும் கடைசியில் வந்து சேரும் இடம் மொட்டைமாடி. ஆனால், வெயில் மூன்றையும் ஒன்றுபோல நடத்துவதில்லை.

நெல்லியின் பெருமை வைட்டமின் சி. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் நெல்லிக்காயில் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. பக்கத்துப் புளியங்குடியில் மூட்டை மூட்டையாக விலைபோகும் எலுமிச்சை இதன் அருகில் வர முடியாது. 1939-40-இல் ஹிசார் பகுதியில் பஞ்சத்தோடு ஸ்கர்வி நோய் பரவியபோது, நெல்லிதான் மருந்தாகக் கைகொடுத்தது.

இந்த வைட்டமினுக்குச் சூடு, வெளிச்சம், காற்று மூன்றும் ஆகாது. காயை நறுக்கியதுமே இழப்பு தொடங்கிவிடுகிறது. இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் துண்டுகள் கறுத்துப்போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். நெல்லியின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு அது. அதே இரும்பு வைட்டமின் சி சிதைவதையும் வேகப்படுத்துகிறது. எவர்சில்வர் கத்தி நல்லது. கொதிநீரில் சில நிமிடம் முக்கி எடுத்தால், நிறத்தைக் கெடுக்கும் நொதிகள் அடங்கும். வைட்டமினில் கொஞ்சம் அந்த நீரோடு போய்விடும். ஆவியில் காட்டினால் அந்த இழப்பு குறையும்.

அதன்பிறகு நான்கைந்து நாள் சுடுவெயிலில் கிடக்கும் துண்டில் வைட்டமின் சி பெருமளவு போயிருக்கும். அப்படியானால் நெல்லி வற்றல் வெறும் சக்கையா? இல்லை. துவர்ப்புச் சத்துகள் வைட்டமினைவிட உறுதியானவை; அவற்றில் நல்ல பங்கு தங்கிவிடுகிறது. கடுக்காய், தான்றிக்காயோடு திரிபலாவில் சேர்வது காய்ந்த நெல்லிதான்.

நிழலில் உலர்த்தினால் நிறமும் மணமும் நிற்கும். ஆனால் நாள் நீளும். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும், ஐப்பசி மழையிலும் நிழல் உலர்த்தல் பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகிவிடும். பூஞ்சை பிடித்த வற்றலைக் கழுவி மறுபடி காயவைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

சுண்டையின் கதை வேறு. அதில் தேடுவது நார்ச்சத்தும் தாது உப்புகளும் கசப்பும். தாது உப்புகளை வெயில் எரிப்பதில்லை; நீர் வற்ற வற்ற எடைக்கு எடை அவை செறிகின்றன. காயை நசுக்கி, உப்பு மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் உலர்த்தி, மாலையில் மறுபடி மோரிலேயே போடும் பாட்டிமார் முறைக்குக் காரணம் உண்டு. மோரின் புளிப்பும் உப்பும் கிருமிகளைக் கட்டுப்படுத்துகின்றன, கசப்பும் தணிகிறது. சித்த மருத்துவத்தின் சுண்டைவற்றல் சூரணம் இன்றும் வயிற்றுக்கோளாறுக்குக் கொடுக்கப்படுகிறது.

இதில் உப்பைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர் “உடம்புக்கு நல்லது” என்று மோரில் ஊறிய வற்றலைத் தினமும் வறுத்துச் சாப்பிட்டால், நல்லதைவிடக் கெட்டதே அதிகம் சேரும். மணத்தக்காளியின் பச்சைக்காயில் உள்ள சில நச்சுக் காரங்களும் சூட்டுக்கு எளிதில் சிதைவதில்லை. குழம்புக்கு ஒரு கைப்பிடி என்ற அளவே சரி.

பின்லாந்து போன்ற நாடுகளில் காட்டுப் பழங்களை உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேரே ஆவியாக்கி உலர்த்துகிறார்கள். நாவற்பழத்தில் இருப்பது போன்ற நீலச் சாயச் சத்து இந்த முறையில்தான் அதிகம் மிஞ்சுகிறது. இயந்திரத்தின் விலையும் மின்செலவும் நம் அடிவாரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது.

கட்டுப்படியாகும் வழி சூரியக் கூடார உலர்த்தி. ஒளிபுகும் பாலிகார்பனேட் தகடு போர்த்திய அந்தக் கூடாரத்துக்குள் வெப்பம் சேர்கிறது, ஈரக்காற்று வெளியேறுகிறது, புற ஊதாக் கதிர் பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. தூசி, ஈ, திடீர் மழை எதுவும் அண்டாது. இதை அமைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பளியர் போன்ற பழங்குடியினருக்குச் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை ஏற்கிறது. சேகரிப்பவர் கையிலேயே உலர்த்தியும் இருந்தால், பச்சை நெல்லியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

வாங்குகிறவர்களும் கேட்கத் தொடங்க வேண்டும். எந்த மாதம் உலர்த்தியது, வெயிலிலா கூடாரத்திலா, உப்பு எவ்வளவு என்ற மூன்று விவரங்களை வற்றல் பொட்டலத்தின் மேல் அச்சிட்டாலே, தார்ச்சாலை ஓரத்தில் காய்ந்த சரக்குக்கும் அக்கறையோடு உலர்த்திய சரக்குக்கும் ஒரே விலை கிடைப்பது நிற்கும்.