வீட்டுக்குள் வந்த போர்

ஷெல் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சண்டை ஓய்ந்தாலும் சத்தம் ஓய்வதில்லை. பட்டாசு வெடித்தால் மேசைக்கடியில் ஒளிகிறது. சின்னஞ்சிறுசுகள் படுக்கையை நனைக்கின்றன, தாயின் சேலையை விட மறுக்கின்றன. பதின்வயதில் இதன் முகம் வேறு: தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் சீற்றம், பாடத்தில் மனம் ஒட்டாமை. பள்ளியில் இவர்களுக்குக் கிடைப்பதென்னவோ முரடன், சோம்பேறி என்ற பெயர்தான். மருத்துவர்கள் இந்த நிலையை நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் என்கிறார்கள்.

1983 முதல் 2009 வரை நடந்த போரில் இலங்கையின் வடகிழக்கில் ஒரு தலைமுறையே இப்படி வளர்ந்தது. நடுவே, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையும் வந்தது. அதையடுத்து உளவியலாளர் கிளாவுடியா கத்தானி தலைமையிலான குழு அங்கே 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, முடிவுகளை 2008இல் வெளியிட்டது. 82 சதவீதத்தினர் போரின் கொடுமை ஒன்றையாவது சந்தித்திருந்தனர். 30 சதவீதத்தினருக்கு மனவடு நோய் இருந்தது. ஏறத்தாழ 20 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு. இவற்றைவிடத் திடுக்கிட வைப்பது இன்னொரு எண்: வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 95 சதவீதத்துக்கும் மேல். அடியாத மாடு படியாது என்று நம்பும் சமூகத்தில் இந்த அடியை யாரும் வன்முறைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

போரும் வீட்டு வன்முறையும் தனித்தனி அல்ல என்பதே ஆய்வின் முக்கியமான முடிவு. போரை அதிகம் கண்ட பிள்ளைகளும், தந்தை அதிகம் குடிக்கும் வீட்டுப் பிள்ளைகளும்தான் வீட்டில் அதிகம் வதைபட்டிருந்தனர். தொழில் போய், இடம்பெயர்ந்து, முகாமில் முடங்கிய தந்தை கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைத் தேடினால், போரின் மிச்சம் பிள்ளையின் முதுகில் இறங்குகிறது. ஒரே ஒரு கொடுமையைச் சந்தித்த பிள்ளைகள் பலர் தாமாகவே தேறிவிடுவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும்போதுதான் தேறுவது கடினமாகிறது.

ஆழிப்பேரலைக்குப் பின் முகாமில் இருந்த 31 பிள்ளைகளிடம் இரண்டு சிகிச்சைகள் சோதிக்கப்பட்டன. ஒன்றில், தரையில் நீட்டிய கயிறுதான் பிள்ளையின் வாழ்க்கை. பிறப்பிலிருந்து தொடங்கி, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் வரிசைப்படி சொல்லச் சொல்வார்கள். எந்நேரமும் துரத்திய நினைவு, ஒரு நாளில் ஓரிடத்தில் நடந்து முடிந்த சம்பவமாக மெல்ல மாறுகிறது. மற்றது தியானமும் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டிலும் ஆறே அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 சதவீதத்தினரும் இரண்டாவதில் 71 சதவீதத்தினரும் தேறியிருந்தனர். இவ்வளவு சிறிய சோதனையில் இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. சிகிச்சைகளை நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிக்கு இது நடைமுறைக்கு ஒத்த வழிதான். தந்தையின் குடிக்கு வழி பார்க்காமல் இந்தத் தேறுதல் எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி.