சாகாவரத்துக்கும் சந்தா உண்டு

1931 ஜூலையில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அமெரிக்க இதழில் நீல் ஆர். ஜோன்ஸ் எழுதிய கதை ஒன்று வந்தது. பேராசிரியர் ஜேம்சன் இறந்ததும், அவர் விருப்பப்படி உடலை ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான்கு கோடி ஆண்டுகள் கழித்து அவ்வழியே வரும் வேற்றுக்கிரக இயந்திர மனிதர்கள் அவருடைய மூளையை எடுத்து உலோக உடலில் பொருத்தி எழுப்புகிறார்கள். கட்டணம் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. கூட வா என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

அதைப் படித்த சிறுவர்களில் ஒருவர் ராபர்ட் எட்டிங்கர். அவ்வளவு காலம் எதற்கு, நாளைய மருத்துவர்களே எழுப்பமாட்டார்களா என்று யோசித்தார். 1948இல் தாமும் ஒரு கதை எழுதினார். 1964இல் பெரிய பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூல், இறந்தவர்களை என்றாவது எழுப்பலாம் என்று உறைய வைத்துக் காக்கும் கிரையோனிக்ஸ் இயக்கத்துக்கு வித்திட்டது. 1967 ஜனவரி 12 அன்று, புற்றுநோயால் இறந்த ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற பேராசிரியரின் உடல் முதன்முதலாக உறைய வைக்கப்பட்டது.

கதையில் வராத சிக்கல் அடுத்து வந்தது. கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறையில், நிலவறைக்குள் உறைய வைத்திருந்த உடல்களுக்குப் பணம் வருவது நின்றது. குளிரூட்டும் திரவ நைட்ரஜன் தீர்ந்தது, உடல்கள் அழுகின. 1979இல் விஷயம் வெளியே வந்து நாறியது.

இன்று அரிசோனாவில் உள்ள ஆல்கோர் என்ற கிரையோனிக்ஸ் நிறுவனத்தில், ஆளுயரத்தைத் தாண்டிய எஃகுக் கலங்களில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் நிற்கிறது. இவை மின்சாரமில்லாமலே குளிர் காப்பவை. ஆவியாகிப் போனதை மட்டும் அவ்வப்போது நிரப்ப வேண்டும். உடல்களைத் தலைகீழாகத்தான் இறக்குகிறார்கள்: கலம் ஒழுகினாலும் மூளை கடைசிவரை குளிரில் இருக்கும். முழு உடலுக்குச் சுமார் 2 லட்சம் டாலர். தலை மட்டும் போதுமென்றால் அதில் பாதிகூட ஆகாது. பலர் ஆயுள் காப்பீட்டிலிருந்து கட்டுகிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் பட்ட சூடு மறக்காததால், பராமரிப்புக்கென்று தனி அறக்கட்டளை நிதியும் உண்டு.

அறிவியலோ மெல்லத்தான் நகர்கிறது. 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர், 100 நாள் வரை உறைநிலையில் வைத்த எலிச் சிறுநீரகங்களை வேறு எலிகளுக்குப் பொருத்தி இயங்க வைத்தார்கள். முழு எலியை இந்தக் குளிரிலிருந்து இன்னும் யாரும் எழுப்பவில்லை.

கதைகள் இதற்குள் வேறு கவலைக்குப் போய்விட்டன. டென்னிஸ் டெய்லரின் 2016ஆம் ஆண்டு நாவலில், பணம் கட்டி உறைந்த பாப், நூறாண்டு தாண்டி ஒரு கணினி நிரலாகக் கண் விழிக்கிறான். உறைந்தவர்களுக்கு உரிமையில்லை என்று சட்டம் மாறியிருக்கிறது; அவன் இப்போது ஒரு சொத்து, விண்கலம் ஓட்ட வேண்டிய வேலையாள்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. கலங்களில் இருப்பவர்களை ஆல்கோர் 'நோயாளிகள்' என்றே அழைக்கிறது. சட்டத்துக்கோ அவர்கள் இறந்தவர்கள். நிறுவனத்துக்குத் தானமாக எழுதிக்கொடுத்த உடல்கள். என்றாவது ஒருவர் எழுந்தால், டாக்டரின் வேலை முடிந்த கையோடு அவர் தேட வேண்டியது நல்ல வக்கீலை.