கட்டி இருக்கிறது, நடக்கலாமா?

ஒரு காதில் மட்டும் ஓயாத இரைச்சல். போனை அந்தக் காதில் வைத்தால் பேச்சு தெளிவாகப் புரிவதில்லை. எப்போதாவது நடையில் ஒரு தள்ளாட்டம். இப்படி வருபவர்களில் சிலருக்கு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது காது நரம்பில் ஒரு சிறிய கட்டி தெரியவருகிறது. இது புற்றுநோய் அல்ல. வேறு உறுப்புகளுக்குப் பரவாது. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பல ஆண்டுகள் வளராமலே கிடப்பதும் உண்டு. அதனால்தான் சிறிய கட்டி என்றால் உடனே கத்தி வைக்காமல், இடைவெளி விட்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

வீடு திரும்பியதும் பயம் தொடங்கும். வேர்க்க விறுவிறுக்க எதையாவது செய்தால் கட்டி பெரிதாகிவிடாதா? வீட்டில் இருப்பவர்களும், “நீங்க அசையாம உட்காருங்க, எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம்” என்பார்கள். அன்பால் சொல்வதுதான். ஆனால் இந்த நோயில் கேட்கவே கூடாத அறிவுரை அது. உடற்பயிற்சி இந்தக் கட்டியை வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அசையாமல் முடங்கினால் தள்ளாட்டம் தேறத் தாமதமாகும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்தது.

கட்டி முளைப்பது பெரும்பாலும் கேட்கும் நரம்பில் அல்ல, அதை ஒட்டி ஓடும் சமநிலை நரம்பின் உறையில். நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி வாங்குகிறது: இரண்டு உட்காதுகள், கண்கள், பாதமும் மூட்டுகளும். ஒரு காதின் செய்தி மங்கும்போது மற்ற காதோடு அது ஒத்துப்போவதில்லை. தலையைத் திருப்பினால் கிறுகிறுக்கிறது. இந்த வித்தியாசத்தை மூளையால் பழகித் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் தலை அசைந்தால்தான் வித்தியாசமே அதற்குத் தெரியும். 1940களில் இங்கிலாந்தில் காது மருத்துவர் காதோர்னும் அவரோடு பணியாற்றிய மருத்துவர் குக்ஸியும் இதற்காகவே ஒரு பயிற்சி முறையை வகுத்தார்கள். கண்ணை மட்டும் அசைப்பது, பிறகு தலையை, பிறகு உட்கார்ந்து எழுவது, பந்தைக் கைமாற்றிப் போடுவது, படி ஏறி இறங்குவது என்று படிப்படியாகப் போகும். இன்றைய பிசியோதெரபிக்கும் அடிப்படை அதுதான்.

வீட்டில் செய்ய எளியது ஒன்று: கட்டைவிரலைக் கண்ணுக்கு நேராக நீட்டி, பார்வையை அதிலேயே நிறுத்தி, தலையை மட்டும் இடவலமாக மெல்ல அசைப்பது. லேசாகத் தலைசுற்றும், சுற்றத்தான் வேண்டும். கால் மணி, இருபது நிமிடத்தில் அடங்கிவிட்டால் அளவு சரி. வெகுநேரம் நீடித்தால் மறுநாள் வேகத்தைக் குறையுங்கள். தலைசுற்றல் மாத்திரையை வாரக்கணக்கில் தொடர்ந்து விழுங்குவது மூளை இப்படிப் பழகிக்கொள்வதை மந்தப்படுத்தும். எப்போது நிறுத்தலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இரைச்சல் விஷயத்திலும் பலர் தவறாக அஞ்சுகிறார்கள். செவியிலிருந்து வரும் செய்தி குறைந்துபோக, மூளை தன் ரேடியோவின் ஒலியளவைக் கூட்டிவைப்பதால் எழும் சத்தம் அது என்பதே பரவலான விளக்கம். ஓடி முடித்ததும், எடை தூக்கியதும் அது சிலருக்குக் கூடும். பல்லைக் கடிப்பது, கழுத்தை இறுக்குவது, மூச்சை அடக்குவது எல்லாமே இரைச்சலை ஏற்றக்கூடியவை. கட்டி வளர்கிறது என்று அதற்குப் பொருளில்லை. ஓய்வெடுத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். எடை தூக்கும்போது மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். ஜிம்மில் பாட்டு அலறினால் குறைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். மிச்சமிருக்கும் கேட்புத்திறன் விலைமதிப்பற்றது. இரைச்சலை உண்மையில் பெரிதாக்குவது தூக்கமின்மையும் மனஅழுத்தமும். இரண்டையும் குறைக்க நடைப்பயிற்சி உதவுகிறது.

கவலைப்பட வேண்டியது கட்டியைப் பற்றி அல்ல, விழுவதைப் பற்றியும் வாகனங்களைப் பற்றியும். ஒரு காதில் மட்டும் கேட்டால் ஹார்ன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியாது. நல்ல காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு சாலையில் இறங்கவே கூடாது. எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கம் நடங்கள்; துணைக்கு வருபவரை நல்ல காதுப் பக்கம் நடக்கச் சொல்லுங்கள். விடியுமுன் இருட்டில் கிளம்பும் வழக்கமிருந்தால் வெளிச்சம் வரும்வரை பொறுங்கள். காது கைவிட்ட வேலையைக் கண்ணும் பாதமும்தான் செய்கின்றன. இருட்டிய பின் கடற்கரை மணலில் நடந்தால் அவை இரண்டுமே தடுமாறும். சைக்கிளில் பின்னால் திரும்பிப் பார்ப்பதற்குப் பதில் கண்ணாடி பொருத்திக்கொள்ளலாம். நீச்சலில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கலங்கிய தண்ணீருக்கடியில் மேல் எது, கீழ் எது என்று சிலருக்குப் பிடிபடாது. கிணற்றில் குதிப்பதை விட்டுவிடுங்கள், குளத்திலும் தனியாக இறங்காதீர்கள். யோகாவில் சிரசாசனம் வேண்டாம். விருட்சாசனத்தைச் சுவர் ஓரமாகச் செய்யலாம்.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் நிலை வேறு. மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியும் ஆபத்து இருப்பதால், முதல் சில வாரங்களுக்குக் கனம் தூக்குவதும் முக்குவதும் குனிந்து வேலை செய்வதும் கூடாது. எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை செய்தவரே சொல்ல வேண்டும். அதுவரை வராந்தாவில் நடப்பதே பயிற்சி. முகம் ஒரு பக்கம் தளர்ந்து கண் முழுதாக மூடவில்லை என்றால், காற்றும் தூசும் படாமல் கண்ணாடி அணிந்து, மருத்துவர் தந்த சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒழுகினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ, காது திடீரென்று கேட்காமல் போனாலோ, முகம் மரத்துப்போனாலோ, தலைவலி நாளுக்கு நாள் கூடி வாந்தியும் வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் கேளாமைக்கு மருந்து உண்டு. சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் அது பலன் தர வாய்ப்பு அதிகம்.